கோடு 45 பாகையில் கிடந்தால் படித்திறன் 1 தானா? வரைபிலிருந்து நேர்கோட்டின் சமன்பாடு

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய். 03.06.2023

மாஸ்டர், மகன் 10ஆம் தரம் படிக்கிறான். தவணைப் பரீட்சையில் ஒரு வரைபைத் தந்து, அதிலுள்ள நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதச் சொல்லியிருந்தார்கள். கோடு வை அச்சை அடியிலிருந்து இரண்டாவது கட்டத்தில் வெட்டுகிறது. அங்கிருந்து வலப்புறம் நான்கு கட்டம் போனால் மேலே நான்கு கட்டம் ஏறுகிறது. ஆகவே வை = எக்ஸ் + 2 என்று எழுதினான். பிழை போட்டிருக்கிறார்கள். பாகைமானி வைத்து அளந்தும் காட்டினான். சரியாக 45 பாகை. 45 பாகையின் தாஞ்சன், அதாவது மேலே ஏறியதைக் கிடையாகப் போனதால் வகுத்த விகிதம், 1 தானே என்று இரண்டு நாளாக என்னோடு வாதாடுகிறான். எனக்கும் அவன் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

03.06.2023, இரவு 9.10

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழை போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். கிடை அச்சில் ஒரு கட்டத்துக்கு 1 என்றும், நிலைக்குத்து அச்சில் ஒரு கட்டத்துக்கு 5 என்றும் அளவிடை எழுதியிருக்கிறது. மகன் கட்டங்களை எண்ணினான், எண்களை வாசிக்கவில்லை. கோடு வை அச்சை வெட்டும் இடத்தின் பெறுமானம் 2 அல்ல, 10. நான்கு கட்டம் ஏறியது என்று அவன் சொல்வது 20 அலகு ஏற்றம். கோடு (0, 10), (4, 30) என்ற இரண்டு புள்ளிகளுக்கூடாகச் செல்கிறது. 30இலிருந்து 10ஐக் கழித்தால் ஏற்றம் 20. 4இலிருந்து 0ஐக் கழித்தால் ஓட்டம், அதாவது கிடையாகப் போன தூரம், 4. ஏற்றத்தை ஓட்டத்தால் வகுத்தால் படித்திறன் 5. சமன்பாடு வை = 5எக்ஸ் + 10.

கோணத்தை முற்றாக மறந்துவிடச் சொல்லுங்கள். அது தாளில் உள்ள கோணம், சமன்பாட்டில் உள்ளதல்ல.

நான் வகுப்பில் வற்புறுத்துவது ஒன்றுதான்: படித்திறனைக் கணிக்கத் தொடங்கும் முன், தெரிந்தெடுத்த இரண்டு புள்ளிகளின் ஆள்கூறுகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட வேண்டும். எழுதும்போது கண் தானாகவே அச்சுக்குப் போய் அங்குள்ள எண்ணை எடுத்து வரும். எழுதாமல் மனத்தால் கணிப்பவர்கள் எல்லாரும் கட்டங்களைத்தான் எண்ணுகிறார்கள். இரண்டு புள்ளிகளும் கட்டங்களின் மூலையில் தெளிவாக அமர்பவையாகவும், ஒன்றிலிருந்து ஒன்று இயன்ற அளவு தொலைவிலும் இருக்க வேண்டும். வாசிப்பில் அரைக் கட்டம் தவறினால், இரண்டு கட்ட இடைவெளியில் அது கால்பங்குப் பிழை; இருபது கட்ட இடைவெளியில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே.

03.06.2023, இரவு 9.40

கைப்பேசியில் எழுத்துப் பலகையை மாற்றி மாற்றித் தட்டுவது எனக்குச் சரிவராத வேலை. ஆகவே எக்ஸ், வை, எம், சி என்று தமிழிலேயே எழுதுகிறேன். நேர்கோட்டின் சமன்பாடு வை = எம்எக்ஸ் + சி; எம் படித்திறன், சி கோடு வை அச்சை வெட்டும் இடத்தின் பெறுமானம், அதாவது வெட்டுத்துண்டு. பார்க்கப் பழக்கமில்லாமல் இருக்கும். வாய்விட்டு வாசித்தால் வகுப்பில் கேட்பது போலவே இருக்கும்.

04.06.2023

மதுரையிலிருந்து ஒரு நண்பர், படித்திறன் என்றால் என்ன, படிப்பில் உள்ள திறமையா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சாய்வு என்று சொல்வதை நாங்கள் படித்திறன் என்கிறோம். அவர்களுடைய ஆதிப்புள்ளி எங்களுக்கு உற்பத்தி. சாய்வு என்ற சொல் கண்ணுக்கு உடனே பிடிபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்றைய குழப்பம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் சாய்வை நம்பியதால் வந்ததுதான். படித்திறன் என்னும்போது படிக்கட்டு நினைவுக்கு வருகிறது: ஒரு படி முன்னே வைத்தால் எவ்வளவு மேலே போகிறேன் என்பதுதான் அதன் பொருள் என்று நான் கற்பித்து வருகிறேன். சொல்லை ஆக்கியவர்கள் அப்படித்தான் நினைத்தார்களா என்பது வேறு விடயம்.

06.06.2023

இப்போது சிறுபோகம். குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்க் குளத்தின் அளவுத்தூணைக் காலையில் வாசித்துக் குறித்து வைக்கும் பழக்கம் பக்கத்து வீட்டு அண்ணைக்கு உண்டு. அவருடைய கொப்பியைப் பார்த்ததும், புத்தகத்தில் வரும் கோடுகளைவிட இது மாணவருக்கு உறைக்கும் என்று தோன்றியது. கிளிநொச்சிப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்கூட இரணைமடுக் குளம் இன்று எத்தனை அடி என்று கேட்பார். ஆகவே நிலைக்குத்து அச்சை எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

கணக்குக்காக எண்களைச் சற்று ஒழுங்குபடுத்தி இப்படி வரைந்தேன். கிடை அச்சில் நாள், நிலைக்குத்து அச்சில் நீர்மட்டம் அடியில். 10ஆம் நாள் 14 அடி, 30ஆம் நாள் 9 அடி, இடையில் நேர்கோடு. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கிடை அச்சை 10இலிருந்து தொடங்கினேன்.

மாலை வகுப்பில் பதினொரு பேர். ஏற்றத்தை ஓட்டத்தால் வகுப்பதில் எவரும் தவறவில்லை: 9இலிருந்து 14ஐக் கழித்தால் −5, 30இலிருந்து 10ஐக் கழித்தால் 20, படித்திறன் −1/4. ஒரு நாளைக்குக் கால் அடி, அதாவது மூன்று அங்குலம், இறங்குகிறது. கழிக்கும் வரிசையை மேலேயும் கீழேயும் ஒன்றாக வைத்தால் மறைக்குறி தானே வந்து சேரும். கோடு இறங்குகிறதே என்று கண்ணால் பார்த்துக் குறியைப் பிறகு ஒட்டவைக்கத் தேவையில்லை.

சி எவ்வளவு என்றதும் பதினொரு பேரில் எட்டுப் பேர் 14 என்றார்கள். கோடு இடப்பக்கத்து நிலைக்குத்துக் கோட்டைத் தொடும் இடம் அதுதான். ஆனால் அந்தக் கோடு வை அச்சு அல்ல; அது எக்ஸ் = 10 என்ற கோடு. வை அச்சு தாளுக்கு வெளியே, இன்னும் பத்து நாள் இடப்பக்கத்தில் நிற்கிறது. 14 = −1/4 × 10 + சி என்று பிரதியிட்டால் சி = 16.5. சமன்பாடு வை = −0.25எக்ஸ் + 16.5. 30ஐப் பிரதியிட்டால் 9 வருகிறது, சரி.

சரியாகச் சொன்ன மூவரில் ஒருத்தி பிரதியிடவே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று அங்குலம் என்றால் பத்து நாளைக்கு முன் இரண்டரை அடி கூட இருந்திருக்கும் என்று குளத்தைப் பின்னோக்கி நிரப்பிவிட்டாள்.

வை பூச்சியமாகும் இடத்தையும் கேட்டேன். 16.5ஐ 0.25ஆல் வகுத்தால் 66. அறுபத்தாறாம் நாள் குளம் வற்றிவிடும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

07.06.2023

வற்றாது. எங்கள் குளத்து அளவுத்தூணின் பூச்சியம் துருசு வாசலின், அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் மதகின், அடிமட்டத்தில் இருக்கிறது. தூண் பூச்சியம் காட்டினால் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகாது என்பதே பொருள். அதற்குக் கீழே மாடு குடிக்கவும் மீன் பிடிக்கவும் தண்ணீர் கிடக்கும். அச்சின் பூச்சியம் எதன் பூச்சியம் என்று கேட்காமல் நானே எழுதியிருக்கிறேன்.

07.06.2023, இரவு

வீட்டு வேலையாக, அண்ணையின் கொப்பியிலுள்ள உண்மையான வாசிப்புகளைக் கொடுத்து வரைபு வரையச் சொல்லியிருந்தேன். ஒரு பையனின் கோடு நான்கு நாளைக்கு ஒரு முறை நொண்டியது. மூன்று நாள் ஒரே சீராக இறங்குகிறது. நான்காம் நாள் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. பிறகு மறுபடியும் மூன்று நாள் இறக்கம். துருசை நான்கு நாளைக்கு ஒரு தடவை பூட்டுகிறார்களா என்று அண்ணையிடம் கேட்கப் போயே விட்டேன்.

நல்ல வேளையாக வழியில் கொப்பியை மறுபடி திறந்தேன். அண்ணை எழுதியிருப்பது 14 அடி, 13 அடி 9 அங்குலம், 13 அடி 6 அங்குலம், 13 அடி 3 அங்குலம், 13 அடி. பையன் அவற்றை 14, 13.9, 13.6, 13.3, 13 என்று குறித்திருக்கிறான். அடியில் பன்னிரண்டு அங்குலம் இருக்கிறது, பத்தல்ல. 13 அடி 9 அங்குலம் என்பது 13.75. அவன் தாளில் ஒவ்வொரு அடியின் முதல் மூன்று அங்குலமும் 0.1 ஆகச் சுருங்கி, மற்றவை 0.3 ஆக நீண்டுவிட்டன. அந்த மூன்று நாள் துண்டை எடுத்துப் படித்திறன் கணித்தால் −0.3 வரும், உண்மை −0.25. இன்னொருத்தி 12 அடி 10 அங்குலத்தை 12.10 என்று எழுதி, அதை 12.9க்குக் கீழே குறித்திருந்தாள். மீற்றரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை அடியிலும் அங்குலத்திலும் வாசிக்கச் சொன்னது என் தவறு. இருந்தாலும் நொண்டுகிற கோட்டைப் பார்த்துத் தண்ணீரைச் சந்தேகிக்கும் முன் கொப்பியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டேன். அண்ணையிடம் எதுவும் கேட்கவில்லை.

09.06.2023

கேட்காமல் விட்டாலும் அண்ணை சும்மா இருக்கவில்லை. வகுப்பின் கரும்பலகையில் குளம் நேர்கோட்டில் இறங்குவதை யன்னலூடாகப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், குளம் என்ன வாளியே?" என்று கேட்டார்.

6ஆம் திகதி எழுதியதை ஆகவே திருத்துகிறேன். குளத்துக்கு நிலைக்குத்துச் சுவர் கிடையாது. அலைகரைப் பக்கம் படுத்துக்கிடக்கும் நிலம் அது. மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பு சுருங்குகிறது. துருசால் நாள்தோறும் ஒரே அளவு தண்ணீர் போனாலும், பரப்பு சிறியதாகும்போது அதே அளவு தண்ணீர் மட்டத்தைக் கூடுதலாக இறக்கும். ஆகவே வரைபு நேர்கோடாக இராது. போகப் போகக் கீழ்நோக்கி வளையும். இருபது நாள் துண்டுக்கு என் சமன்பாடு தாக்குப்பிடிக்கும். அதை 66ஆம் நாள் வரை நீட்டியது, துருசின் பூச்சியத்தை மறந்ததைவிடப் பெரிய தவறு. பின்னோக்கி நீட்டிய 16.5க்கும் இதே குறை உண்டு. நிரம்பும்போது இன்னும் மோசம்: 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடிய போது குளங்கள் ஏறிய வேகத்தை எந்த நேர்கோட்டிலும் அடக்கியிருக்க முடியாது.

இதனால் குளத்து வரைபைக் கைவிடவில்லை. பரீட்சைத் தாளில் வரும் கோடு முன்கூட்டியே நேராக வரையப்பட்டது. குளத்தில் நாமே கேட்க வேண்டியிருக்கிறது, இது நேர்கோடு தானா என்று.

10.06.2023

வவுனியாவில் உயர்தரம் படிக்கும் ஒருவர், புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் எந்த இரண்டு புள்ளிகளை எடுப்பது என்று கேட்கிறார். எந்தப் புள்ளியையும் எடுக்கக் கூடாது. ஒளிபுகும் அடிமட்டத்தை வைத்து, புள்ளிகள் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகச் சிதறும்படி ஒரு கோடு வரைய வேண்டும். அதன் பிறகு அந்தக் கோட்டின் மேலிருந்து இரண்டு இடங்களை வாசிக்க வேண்டும். அளந்த புள்ளிகளில் முதலாவதையும் கடைசியையும் இணைத்துப் படித்திறன் கணித்தால் இடையில் பட்ட பாடு முழுவதும் வீண்.

தனி ஊசல் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அலைவுகாலத்தின் வர்க்கத்தை ஊசலின் நீளத்துக்கு எதிரே குறித்தால், உற்பத்திக்கூடாகச் செல்லும் நேர்கோடு வர வேண்டும். படித்திறன் மீற்றருக்கு ஏறக்குறைய 4 செக்கன் வர்க்கம். எனக்கு என் பள்ளிக்காலத்தில் படித்திறன் ஒழுங்காக வந்தது. கோடு மட்டும் உற்பத்திக்குச் சற்று மேலால் போயிற்று. பிழை என்று நினைத்து, அழித்து, கோட்டை வலிந்து உற்பத்திக்கு இழுத்தேன், படித்திறனும் கெட்டது. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் உச்சி வரை அளந்திருக்கிறேன் என்பது வெகு காலத்துக்குப் பிறகே விளங்கியது. ஒவ்வொரு நீளத்திலும் குண்டின் ஆரை குறைந்திருந்தது. அந்த ஆரையின் நான்கு மடங்குதான் சி ஆக அச்சில் எழுந்து நின்றது. நான் அழித்தது விடையை.

10.06.2023, சற்றுப் பிறகு

"நிலைக்குத்துக் கோட்டுக்குச் சி என்ன மாஸ்டர், பனை மரம் மாதிரி நிற்குதே" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டிருக்கிறார். சியும் இல்லை, எம்மும் இல்லை. எக்ஸ் = 3, அவ்வளவுதான். ஓட்டம் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. கிடைக்கோட்டுக்குப் படித்திறன் உண்டு, அது பூச்சியம். பூச்சியம் இருப்பதும் ஒன்றுமே இல்லாதிருப்பதும் வேறு வேறு என்பதைக் கடைக் கணக்கு வைத்திருப்பவருக்கு விளக்கத் தேவையில்லை.

12.06.2023

படித்திறனுக்கு எம் என்ற எழுத்து எங்கிருந்து வந்தது என்பது மூன்றாவது தடவையாகக் கேட்கப்படுகிறது. ஏறுதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது, பிரெஞ்சுக் கணிதவியலாளர் தெக்காட்டு வைத்தது என்று எனக்குப் படிப்பித்தவர் சொன்னார். நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லி வந்தேன். அது கதை. தெக்காட்டு 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலில் படித்திறனுக்கு எம் கிடையாது. மத்தேயு ஓபிரையன் 1844இல் எழுதிய ஆள்கூற்று வடிவகணித நூலில்தான் முதன்முதலாக வருகிறது.

13.06.2023

நேற்றைய கடைசி வரி தவறு. இத்தாலியரான வின்சென்சோ ரிக்காட்டி 1757இலேயே அந்த எழுத்தைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், சரிபார்த்தேன். முதன்முதலாக என்று எழுதும்போது கை நடுங்க வேண்டும்.

இதோடு சேர்த்து: கனடாவிலுள்ள என் மருமகள் சிக்குப் பதிலாகப் பி என்று எழுதுகிறாள். அதில் கெடுதி இல்லை. சுவீடனில் படிக்கும் என் பெரியம்மாவின் பேரன் வை = கேஎக்ஸ் + எம் என்று எழுதுகிறான்; அங்கே எம் வெட்டுத்துண்டு. சென்ற மாரியில் இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரே கோட்டுக்கு எம் 3 என்று ஒருத்தியும் எம் 7 என்று மற்றவனும் திண்ணையில் இருந்து சண்டை பிடித்தார்கள். இருவரும் சரி. எழுத்தைச் சொல்லாமல் படித்திறன் என்றும் வெட்டுத்துண்டு என்றும் சொல்லியிருந்தால் தேநீர் ஆறியிராது.

15.06.2023

பொறுமையாக வாசித்துவரும் ஒருவர், அப்படியானால் குளத்தை விட்டுவிட்டு நேராகவே இருக்கும் ஓர் உதாரணம் தாருங்கள் என்கிறார். ஓட்டோக் கட்டணம். முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, அதன் பிறகு கிலோமீற்றருக்கு 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம், எண்கள் கணக்குக்காக. ஐந்து கிலோமீற்றருக்கு 420 ரூபா. ஒன்றுக்கு அப்பால் வரைபு நேர்கோடு, படித்திறன் 80. சி 100 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 100 = 80 × 1 + சி; ஆகவே சி = 20. இருபது ரூபாவுக்கு எந்த ஓட்டோவும் அசையாது. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் மட்டுமே அந்த இருபது தோன்றும். பயணம் அங்கே இல்லை. சமன்பாட்டை எழுதிவிட்டு, எக்ஸ் ஒன்றுக்குக் குறையாதபோது என்று பக்கத்தில் எழுதாத பிள்ளைக்கு நான் அரைப் புள்ளி குறைப்பேன்.

18.06.2023

வரைபுத்தாள் வாங்கப் பணமில்லாத பிள்ளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த போது வன்னியில் மண்ணெண்ணெயும் இல்லை, கொப்பியும் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரியும் விளக்கின் கீழ், பழைய கடிதத்தின் பின்புறத்தில் அடிமட்டத்தால் கட்டம் கீறிக்கொண்டோம். என் கட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. நேர்கோடு என்று தெரிந்த சமன்பாட்டின் புள்ளிகள்கூட வளைந்தன. ஓலைப் பாயின் பின்னல் சதுரங்களில் புளியங்கொட்டை வைத்துப் பார்ப்பதை எனக்குக் காட்டித் தந்தவர் அம்மம்மா. இரண்டு சதுரம் வலப்புறம், மூன்று சதுரம் மேலே, ஒரு கொட்டை, மறுபடியும் அதே. கொட்டைகள் நூல் பிடித்தது போல் வரிசையாக நின்றன. பாயில் இரண்டு பக்கமும் ஒரே அளவிடை. ஆகவே அங்கே கண்ணை நம்பலாம். முதல் நாள் கோணத்தை முற்றாக மறந்துவிடச் சொன்னேனே, அது மிகை. இரண்டு அச்சுகளிலும் ஒரே அளவிடை இருந்தால் மகன் சொன்ன தாஞ்சன் சரியானதே. அவனுடைய தாளில் அந்த நிபந்தனை இருக்கவில்லை.

21.06.2023

ஒட்டுசுட்டான் தாயிடமிருந்து மறுபடி ஒரு படம். மேலேயுள்ள குறிப்பை வாசித்துவிட்டு மகன் இரண்டு அச்சுகளுக்கும் ஒரு சதமமீற்றருக்கு 1 என்று வைத்து அதே கோட்டைத் திரும்ப வரைந்திருக்கிறான். 30 வரை போக ஒரு தாள் காணாது. கொப்பியின் இரண்டு தாள்களைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறான். கோடு 45 பாகையில் கிடக்கவில்லை. பனைபோல் நிமிர்ந்து நிற்கிறது. பாகைமானியை வைத்து அளந்து, 79க்கு மயிரிழை குறைவு என்று ஓரத்தில் எழுதி, அதன் கீழே தாஞ்சன் 5 என்றும் எழுதியிருக்கிறான். பரீட்சைத் தாளை இப்போது தாயிடம் காட்டுவதில்லையாம்.